மகளோடு நானும் தர்க்கம் படிக்கிறேன்

வீட்டில் பிளஸ் டூ படிக்கிற பிள்ளை இருந்தால் அந்த வருஷம் முழுக்க அம்மாவுக்கும் சேர்த்துத்தான் பரீட்சை. டாக்டர், இன்ஜினீயர் என்றால் அக்கம்பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். “வக்கீலுக்குப் படிக்கப் போறேம்மா, அதுவும் அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுதி” என்று பெண் சொன்னால் யாரைப் போய்க் கேட்பது? எங்கள் உறையூரில், எங்கள் தெருவில், அதைப் பற்றித் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. விசாரித்தும் படித்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். என்னைப் போலத் திகைத்து நிற்கிற சகோதரிகள் இன்னும் சில பேராவது இருப்பார்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டில் டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்திலும் அரசு சட்டக் கல்லூரிகளிலும் 5 வருஷப் படிப்பில் சேர நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் இடம். நுழைவுத் தேர்வு என்பது தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கு. பெங்களூரில் 1980-களில் ஆரம்பித்தது முதலாவது. இப்போது பல மாநிலங்களில் இருக்கின்றன. நமக்கும் ஒன்று திருச்சியை அடுத்த நவலூர் குட்டப்பட்டில் இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸிலேயே போய்விடலாம். ஆனால் பாருங்கள், பக்கத்து ஊர்க் காலேஜுக்குப் போவதற்கு இந்தியா முழுக்க இருக்கிற பிள்ளைகளோடு உட்கார்ந்து பரீட்சை எழுத வேண்டும்! அதற்குக் ‘கிளாட்’ என்று பெயர். 2008-லிருந்து நடக்கிறது.

2 மணி நேரம், 120 கேள்வி. எல்லாம் இங்கிலீஷில். சரியான விடைக்கு 1 மார்க், தப்புக்குக் கால் மார்க் கழிப்பார்கள். இங்கிலீஷ், பொது அறிவு, சட்ட அறிவு, தர்க்க அறிவு, கணக்கு என்று ஐந்து பகுதி. தர்க்கத்தில் மட்டும் 22-லிருந்து 26 கேள்வி வரை வரும். டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் இதில் சேராமல் தனியாக ஒரு தேர்வு வைக்கிறது. அதில் 150 கேள்வியில் 70 தர்க்கம்தான்.

தர்க்கம் என்றால் ‘ஒருவர் ஒரு பெண்மணியைக் காட்டி, இவள் என் அம்மாவின் ஒரே மகனின் மகள் என்றார்’ என்கிற மாதிரி உறவுப் புதிர் என்று நீங்கள் நினைக்கலாம். முன்பெல்லாம் அப்படித்தான் இருந்ததாம். அந்த மாதிரிப் புதிர்கள் இன்றும் தலைகாட்டலாம், அதனால் அடியோடு விட்டுவிடக் கூடாது. ஆனால் 2020-லிருந்து முறையே மாறிவிட்டது. ஏறக்குறைய 450 வார்த்தையில் ஒரு பகுதி கொடுப்பார்கள். பெரும்பாலும் பத்திரிகைத் தலையங்கம் மாதிரி யாரோ ஒருவர் ஒரு விஷயத்தை வாதாடியிருப்பார். அவர் சொல்ல வருகிற முடிவு என்ன, அதற்குக் கொடுத்த ஆதாரம் எது, சொல்லாமலே நம்பிக்கொண்டு பேசுவது எது, இன்ன தகவல் தெரிந்தால் அந்த வாதம் பலப்படுமா பலவீனமாகுமா – இப்படிக் கேட்பார்கள்.

எங்கள் பெரியவள் பத்தாவது வரை தமிழ் மீடியம். படிப்பில் கெட்டி, வாயிலும் கெட்டி. “இவ பேசுற பேச்சுக்கு லாஜிக்கெல்லாம் தானா வந்துடும்” என்றார் என் வீட்டுக்காரர். முதல் பயிற்சித் தாளை வீட்டிலேயே எழுதினாள். தர்க்கத்தில் 24-ல் 9 சரி, 15 தப்பு. கழித்துப் பார்த்தால் ஐந்தே கால் மார்க்.

அன்று ராத்திரி வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. டவுனில் விசாரித்த பயிற்சி மையத்தின் கட்டணம் எங்கள் மூன்று மாத வீட்டுச் செலவு. சின்னவனுக்கும் ஸ்கூல் பீஸ் கட்ட வேண்டும். “லாஜிக் பிறவியில வரணும். வராதுக்குப் போய்ப் பணம் கட்டுறதா?” என்றார் என் வீட்டுக்காரர். கொழுந்தனார் வேறு வந்து, “பொம்பளப் புள்ளைக்குக் கோர்ட்டு எதுக்கு அண்ணி? பக்கத்துலயே பி.காம். சேர்த்து விடுங்க” என்றார். கடைசியில் ஒரு தீர்மானம் ஆயிற்று. இந்த டிசம்பர் ஒரு தடவை எழுதட்டும். கிளாட் கிடைத்தால் சட்டம், கிடைக்காவிட்டால் பி.காம்.

நான் பிளஸ் டூவோடு நின்றவள். இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். எனக்கு என்ன சொல்லித் தரத் தெரியும்? ஆனாலும், “அந்தப் பதினஞ்சு தப்பையும் எனக்குத் தமிழில் சொல்லு, ஏன் அந்த விடை போட்டேன்னும் சொல்லு” என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். பயிற்சி மையத்துக்குக் கட்ட வேண்டிய பணம் எங்களுக்கு மிச்சமானது இந்த ஒரு காரியத்தில்தான் என்று நினைக்கிறேன். அவள் சொல்லச் சொல்ல, ஒரு நோட்டில் ஒவ்வொரு தப்புக்கும் காரணத்தை ஒரே வரியில் எழுதினோம். இங்கிலீஷ் புரியாமல் போனது மூன்றுதான். அவசரத்தில் போனது நாலு. பாக்கி எட்டும் ஒரே ரகம். கொடுத்திருந்த பகுதியில் யாரோ சொன்ன கருத்து இவளுக்குப் பிடிக்கவில்லை. அதனால் விடையைத் தேடாமல் பதில் சொல்லியிருக்கிறாள்!

ஒரு பகுதி இப்படி. அதை எழுதினவர், வீட்டு வேலைக்குச் சம்பளம் என்று பேச ஆரம்பித்தால் அதிலிருக்கிற அன்பு போய்விடும், ஆகவே அதற்கு விலை வைக்கக் கூடாது என்கிறார். இந்த வாதம் எந்த நம்பிக்கையின் மேல் நிற்கிறது என்பது கேள்வி. ‘பணம் கொடுத்தால் அன்பு குறையும்’ என்பது ஒரு விடை. ‘இல்லத்தரசியின் உழைப்பும் நாட்டின் வருமானத்தில் சேர வேண்டும்’ என்பது இன்னொன்று. இவள் இரண்டாவதைப் போட்டிருந்தாள்.

“அதுதானேம்மா நியாயம்?” என்றாள் கோபமாக.

“நியாயம்தாண்டி. யார் இல்லேன்னா? ஆனா கேள்வி நியாயத்தைக் கேக்கலையே. அந்த ஆள் எதை நம்பிக்கிட்டுப் பேசுறார்னுதானே கேட்டிருக்கு?” என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் நோட்டில், ‘சரியா தப்பா என்பது வேறு, சொன்னதிலிருந்து வருகிறதா என்பது வேறு’ என்று தானே எழுதிக்கொண்டாள்.

இதைப் பழக்குவது லேசில்லை. நம் வீடுகளில் பிடித்தவர் சொன்னால் சரி, பிடிக்காதவர் சொன்னால் தப்பு. நாத்தனார் சொன்ன நல்ல யோசனை எத்தனை வீட்டில் எடுபட்டிருக்கிறது, சொல்லுங்கள்!

எழுதினவரின் மறைவான நம்பிக்கையைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. சந்தேகப்படுகிற விடையை ‘இல்லை’ என்று மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். ‘பணம் கொடுத்தாலும் அன்பு குறையாது’ என்று மாற்றினால் அந்த வாதம் அப்படியே சாய்ந்துவிடுகிறது இல்லையா? அண்டாவுக்கு அடியில் முட்டுக் கொடுத்த செங்கல்லை உருவுவது போல. சாய்ந்தால் அதுதான் விடை. சாயாமல் நின்றால் அது சும்மா கிடக்கிற கல்.

அதற்கு முன்னால் முடிவு எது என்று கண்டுபிடிக்க வேண்டும். பகுதியின் கடைசி வரிதான் முடிவு என்று பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். சில சமயம் முதல் வரியிலேயே முடிவைச் சொல்லிவிட்டு மீதி முழுக்கக் காரணம் சொல்லியிருப்பார்கள். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ‘ஆகவே’ போட்டுப் படித்துப் பார்க்கச் சொன்னேன். எந்த வரியில் அது இயல்பாக ஒட்டுகிறதோ அதுதான் முடிவு. ‘ஏனென்றால்’ ஒட்டினால் ஆதாரம். தினமும் கிளை நூலகத்தில் இங்கிலீஷ் பேப்பரின் ஒரு தலையங்கத்தைப் படித்து, அதன் முடிவைத் தமிழில் ஒரே ஒரு வரியாக எழுதிக்கொண்டு வர வேண்டும் என்று ஏற்பாடு. முதல் வாரம் ஒரு வரி என்று சொல்லி அரைப் பக்கம் எழுதினாள்.

‘இப்படியானால் அப்படி’ என்கிற வகை வாக்கியங்களுக்கு எங்கள் அடுப்படியே போதுமாக இருந்தது. ‘பால் பொங்கினால் அடுப்பு அழுக்காகும். அடுப்பு அழுக்காக இருக்கிறது. ஆகவே பால் பொங்கியிருக்கிறது.’ இது சரியா? கேட்கச் சரி மாதிரிதான் இருக்கிறது. ஆனால் சாம்பார் கொதித்து வழிந்திருக்கலாமே! திருப்பிப் போட்டால்தான் சரி வரும்: ‘அடுப்பு அழுக்காகவில்லை, ஆகவே பால் பொங்கவில்லை.’

இதைக் கேட்டுக்கொண்டிருந்த என் மாமியார், “ஏன், பொங்கி வழிஞ்சதை உங்கம்மா தொடைச்சிருக்கலாம்ல?” என்றார்.

பெரியவள் சிரித்துவிட்டாள். “அப்பாயி, நீங்க முதல் வரியையே இல்லேங்கிறீங்க. ‘இதிலிருந்து என்ன வரும்’னு கேட்டா, கொடுத்த வரியை அப்படியே ஒத்துக்கணும், வெளியிலிருந்து எதையும் கொண்டுவரக் கூடாது. ‘இந்த வாதத்தை எது பலவீனமாக்கும்’னு கேட்டா, நீங்க சொன்னதுதான் விடை.”

வாஸ்தவத்தில் எனக்கே அன்றுதான் அது தெளிவாயிற்று. ஒரே தகவல், கேள்வி மாறினால் சரியான விடையாகவும் ஆகும், தப்பான விடையாகவும் ஆகும். அதனால் இப்போது கேள்வியை முதலில் படித்துவிட்டு அப்புறம்தான் பகுதியைப் படிக்கிறாள்.

இன்னொரு சங்கடம் இங்கிலீஷில் வருகிற ‘இஃப்’, ‘ஒன்லி இஃப்’, ‘அன்லெஸ்’ என்கிற மூன்று சின்ன வார்த்தைகள். தடுக்கி விழுவதெல்லாம் இங்கேதான். ஆனால் நம் தமிழில் இது தண்ணீர்பட்ட பாடு. ‘மழை பெய்தால் குளம் நிறையும்’ என்றால், மழை போதும்; ஆற்றிலிருந்து திறந்துவிட்டும் நிறையலாம். ‘மழை பெய்தால்தான் குளம் நிறையும்’ என்றால், மழை இல்லாமல் நடக்காது. ஆனால் மழை பெய்துவிட்டால் நிறைந்தே தீரும் என்று அர்த்தமில்லை, கரை உடைந்திருக்கலாம். ஒரு ‘தான்’ சேர்ந்தவுடன் வாக்கியமே திசை மாறிவிடுகிறது பாருங்கள். ‘மழை பெய்தாலொழிய குளம் நிறையாது’ என்பதும் அதேதான். ‘இஃப்’ என்றால் ‘ஆல்’, ‘ஒன்லி இஃப்’ என்றால் ‘ஆல்தான்’, ‘அன்லெஸ்’ என்றால் ‘ஆலொழிய’ என்று மூன்றையும் அட்டையில் எழுதி, பிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். இங்கிலீஷ் வாக்கியம் குழப்பினால் மனசுக்குள் தமிழில் சொல்லிப் பார்க்கிறாள், முடிச்சு அவிழ்ந்துவிடுகிறது. தமிழ் மீடியத்தில் படித்ததை ஒரு குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு இது பெரிய தெம்பு.

தர்க்கம் ஏதோ வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று நானும் நினைத்திருந்தேன். நூலகத்தில் ‘மணிமேகலை’யை உரையோடு எடுத்துப் பார்த்தால், 29-ஆம் காதை பூராவும் தர்க்கப் பாடம்! காஞ்சிபுரத்தில் அறவண அடிகள் மணிமேகலைக்குச் சொல்லித் தருகிறார். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது, புகை தெரிவதால், அடுக்களையில் இருப்பது போல – இதுதான் உதாரணம். முடிவுக்குப் பெயர் பக்கம், காரணத்துக்குப் பெயர் ஏது, உதாரணத்துக்குப் பெயர் திட்டாந்தம். சரி போலத் தெரிகிற தப்புக்குப் பெயர் போலி. பக்கப் போலி, ஏதுப் போலி, திட்டாந்தப் போலி என்று அதிலும் எத்தனையோ ரகம். தர்க்கம் கேட்கிறது ஓர் இளம்பெண், உதாரணத்துக்கு வருவது அடுக்களை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பெரியவளும் தப்பு நோட்டின் அட்டையில் ‘போலிகள்’ என்று பெயர் எழுதிவிட்டாள்.

ரெண்டு மாதம் ஆனபின், கொஞ்சம் பெரிய விஷயமாக எடுத்துப் பிரித்துப் பார்க்கலாம் என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் கொடுத்த ஒரு தீர்ப்பை எடுத்தோம். உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். கணவர் சவூதியில் வேலை பார்த்தார். மனைவி ஊரில் இருந்து பிள்ளைகளை வளர்த்து வீட்டைக் கவனித்தார். பிறகு சொத்தில் தகராறு. குடும்பத்தை மனைவி பார்த்துக்கொண்டதால்தான் கணவர் நிம்மதியாகச் சம்பாதிக்க முடிந்தது, அதனால் சொத்து வாங்கியதில் மனைவிக்கும் பங்களிப்பு உண்டு, சம பங்கு உண்டு என்று தீர்ப்பு. இல்லத்தரசி மேலாளர், சமையல்காரர், வீட்டு வைத்தியர், வரவு செலவு பார்ப்பவர் என்று பல வேலை பார்ப்பதைத் தீர்ப்பு அடுக்கிச் சொல்கிறது. இந்தப் பங்களிப்பை நேராக ஏற்கும் சட்டம் எதுவும் இல்லை, நீதிபதி ஏற்கக் கூடாது என்று தடுக்கும் சட்டமும் இல்லை என்றும் சொல்கிறது.

பேப்பரில் அதைப் படித்த நாளில் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஆனால் பெரியவளுக்குக் கொடுத்த வேலை வேறு. முடிவு எது, ஆதாரம் எது, சொல்லாத நம்பிக்கை எது? அதை எழுதிவிட்டு, எதிர்த்தரப்பு வக்கீலாக நின்று இதை உடை பார்ப்போம் என்றேன். முதலில் மாட்டேன் என்றாள். “உங்களுக்கு எதிராப் பேசச் சொல்றீங்களாம்மா?” என்றாள். ‘வருமானம் கொண்டுவருவது மட்டும்தான் பங்களிப்பு என்பதில்லை’ என்பதுதான் அடியில் இருக்கிற செங்கல் என்று எழுதினாள். அப்புறம் யோசித்து, “சரி, வீட்டைப் பார்த்துக்கிட்டது மனைவி இல்லாம மாமியாரா இருந்தா? இதே காரணத்தை வச்சு அவங்களுக்கும் சொத்தில் பங்கு வரணுமே? வராதுன்னா, ஏன் வராது?” என்றாள்.

“அப்ப எனக்கும் பங்கு இருக்குல்ல?” என்றார் கூடத்திலிருந்து என் மாமியார்.

அதற்குப் பதில் சொல்ல எங்களுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. திருப்தியான பதில் கிடைத்ததா என்றால், பாதிதான். ஆனால் தனக்குப் பிடித்த தீர்ப்பை உடைக்கப் பார்த்த அந்த ஒரு மணி நேரத்துக்குப் பிறகுதான் பெரியவள் மாறினாள் என்று சொல்வேன். பிடிக்காத பகுதி வந்தால் முகம் சிவப்பது நின்றது. எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று தெரியாமல் எந்த வக்கீலும் கோர்ட்டுப் படி ஏற முடியாது என்பதும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

இனி உடம்பு விஷயம். இதைப் பல பேர் கவனிப்பதில்லை. 2023, 2024, 2025 மூன்று வருஷமும் இந்தத் தேர்வு டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை பகல் 2 மணியிலிருந்து 4 மணி வரை நடந்தது. நம் வீடுகளில் ஞாயிறு 2 மணி என்றால் என்ன நேரம்? குழம்பு ஊற்றி மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுக் கண் சொக்குகிற நேரம்! அதனால் ஞாயிறு தவறாமல் அதே 2 மணிக்குப் பயிற்சித் தாள் எழுத உட்காருகிறாள். பழைய வினாத்தாள்களைத் தேர்வு நடத்துகிற கூட்டமைப்பே இலவசமாகக் கொடுக்கிறது. சாப்பாடு 12 மணிக்கே முடிந்துவிடும். அரைச் சாப்பாடு, காய் கூட்டு, மோர். கிழங்கும் பொரித்த அப்பளமும் அன்று இல்லை. சின்னவன்தான் முறைக்கிறான், அவனுக்கு ராத்திரி பொரித்துக் கொடுக்கிறேன். ராத்திரி 10 மணிக்கு விளக்கை அணைத்துவிடுவேன். மனப்பாடம் செய்கிற பாடமானால் தூக்கத்தோடும் ஒப்பேற்றிவிடலாம். தூக்கம் கெட்ட தலையோடு ‘தான்’ எங்கே இருக்கிறது, ‘ஒழிய’ எங்கே இருக்கிறது என்று பார்க்க முடியாது. கண் விழித்த மறுநாள் அவள் மார்க்கு இறங்கியதை நோட்டே காட்டுகிறது.

தெரியாத கேள்விக்கு என்ன செய்வது என்றும் ஒரு கணக்கு வைத்திருக்கிறாள். நாலு விடையில் இரண்டைத் தள்ள முடிந்தால் துணிந்து போடலாம். ஒன்றையும் தள்ள முடியாவிட்டால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விட வேண்டும். 120 கேள்விக்கு 120 நிமிஷம்தான், ஒரே கேள்வியோடு மல்லுக்கட்டினால் அடுத்த பகுதி போய்விடும்.

போன ஞாயிறு தர்க்கத்தில் 24-க்கு 17 சரி, 4 தப்பு, 3 விட்டுவிட்டாள். 16 மார்க். என் வீட்டுக்காரர் தாமே கால்குலேட்டரை எடுத்துக் கூட்டிப் பார்த்தார். பெருமைதான், வாய் விட்டுச் சொல்ல மாட்டார். “பரவாயில்லை. ஆனா சொன்னது சொன்னதுதான். கிளாட் கிடைச்சா சட்டம், இல்லேன்னா பி.காம்.” என்றார்.

பெரியவள் பேனாவை மூடி வைத்தாள். “அப்பா, கோவிச்சுக்காதீங்க. நீங்க சொன்னதில் சொல்லாத நம்பிக்கை ஒண்ணு ஒளிஞ்சிருக்கு. கிளாட் எழுதினால்தான் சட்டம் படிக்க முடியும்னு வச்சுக்கிட்டுப் பேசுறீங்க. அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்துக்குப் பிளஸ் டூ மார்க்கே போதும். அந்தச் செங்கல்லை எடுத்துட்டா, ‘இல்லேன்னா பி.காம்.’ எங்கிருந்துப்பா வருது?”

என் மாமியார் என்னைப் பார்த்தார். நான் காப்பி கலக்கப் போனேன். திரும்பி வந்தபோது என் வீட்டுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “அந்த அம்பேத்கர் யுனிவர்சிட்டிக்கு விண்ணப்பம் எந்த மாசம் கொடுப்பாங்க?” என்று அவளைக் கேட்டுக்கொண்டிருந்தார்.